பறவைப் படமும் பறிபோகும் கரையும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் உப்புவெளியைக் கடந்ததும் சாம்பல்தீவை அடைவர். அதனை அடுத்துக் கடலோரமாய் அமைந்திருப்பது சல்லிக் கிராமம். ஊரை அறியாதவர்களும் அதன் கடற்கரையிலே கோயில் கொண்டிருக்கும் முத்துமாரியம்மனை அறிவர். ஒருபுறம் திறந்த கடல். மறுபுறம் கண்டற் செடிகள் ஒதுங்கி நிற்கும் களப்பு. கோடையிற் களப்பின் நீர் வற்றிச் சேறு தலைகாட்டும்போது உள்ளான்களும் கொக்குகளும் நாரைகளும் வந்து இறங்கும். அதே சேற்றில், அதே நேரத்தில், இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறியும் மனிதரையும் காணலாம். இரு சாராரும் தேடுவது ஒன்றையே.

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன், வெளிநாட்டிலுள்ள மாமன் அனுப்பிய கமெராவில் இக்களப்பிலே எடுத்த படமொன்றைக் கொண்டுவந்து காட்டினான். பவளம்போற் சிவந்த நெடுங்கால்களையுடைய உள்ளான் ஒன்று, ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றது. இறகின் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. பறவைக்குப் பின்னால் இருந்தது வெறும் நீலப் புகை. அது சல்லியாகவும் இருக்கலாம், சைபீரியாவாகவும் இருக்கலாம்.

“பின்னுக்கு என்ன இருந்தது தம்பி?” என்று கேட்டேன்.

“பின்னுக்குச் சித்தப்பா வலை வீசிக்கொண்டு நிண்டவர், சேர். அவர் நிண்டால் படம் வடிவா இராதெண்டு அந்தப் பக்கத்தை வெட்டிப்போட்டன்.”

அவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவன் பார்த்துப் பழகிய பறவைப் படங்களெல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. நாட்காட்டியிலும், உல்லாசப் பயண விளம்பரத்திலும், போட்டிகளிற் பரிசு பெற்ற படங்களிலும் பறவை தனித்தே நிற்கிறது. ஊர் இல்லை, வலை இல்லை, மனிதன் இல்லை. சித்தப்பாவை வெட்டி எறியவேண்டும் என்ற அழகுணர்ச்சி ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி இதே திருகோணமலைத் துறைமுகத்திலே நடந்தது என்பதால் அதனைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அதன்பின் இத்துறைமுகம் அவர்களுடைய கடற்படையின் கண்மணியாய் விளங்கியது. கோட்டையிலே பீரங்கிப் படையினர் தங்கியிருந்தனர். அப்பீரங்கிப் படையின் அதிகாரிகளுள் ஒருவர் வில்லியம் வின்சென்ற் லெக். தஸ்மேனியாவிற் பிறந்து இங்கிலாந்திற் கல்வி கற்ற இவர், 1868 தொடக்கம் 1877 வரை இலங்கையிற் பணிபுரிந்தார்; திருகோணமலையிலும் இருந்தார். கடமை ஓய்ந்த வேளைகளிற் காட்டிலும் களப்பிலும் அலைந்து பறவைகளைச் சேகரித்தார். சேகரித்தார் என்பது அக்காலத்துச் சொல். துவக்கினாற் சுட்டு, தோலை உரித்து, மருந்திட்டுப் பஞ்சடைத்தார் என்பதே அதன் பொருள். தொலைநோக்கியும் கமெராவும் இன்று செய்யும் வேலையை அன்று துவக்கே செய்தது. பறவை கையில் இருந்தாலன்றி அதனை இன்னதென்று நிறுவ முடியாது என்பது அக்கால அறிவியலின் விதி.

லெக்கின் உழைப்பு “இலங்கைப் பறவைகளின் வரலாறு” என்னும் பெருநூலாக 1878-க்கும் 1880-க்கும் இடையே இலண்டனில் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். அதிலுள்ள வண்ணப் படங்களை வரைந்தவர் கூலமன்ஸ் என்னும் ஒல்லாந்த ஓவியர். இலண்டனில் அமர்ந்து பதனிட்ட தோல்களைப் பார்த்து வரைந்தார். அச்சிட்ட படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. ஒரு கிளை, சில இலை, அதன்மேல் ஒரு பறவை: இதுவே படத்தின் அமைப்பு. பறவை எங்கே வாழ்ந்தது, யாருடைய வயலருகே சுடப்பட்டது என்பதை ஓவியம் சொல்லாது. நீரில் விழுந்த பறவையைச் சேற்றில் இறங்கி எடுத்துவந்தவனும், அதன் கூட்டிற்கு வழிகாட்டியவனும், அதற்கு ஊரார் இட்டு வழங்கிய பெயரைச் சொல்லிக்கொடுத்தவனும் இத்தகைய நூல்களிற் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே இருந்துவிட்டனர்.

ஆயினும் நீதியோடு ஒன்றைச் சொல்லவேண்டும். ஓவியம் சொல்லாததை லெக்கின் எழுத்துச் சொல்கிறது. எப்பறவை எம்மாவட்டத்தில், எப்பருவத்தில், எத்தகைய நீர்நிலையில் காணப்படும் என்பதை அவர் பொறுமையுடன் குறித்துவைத்தார். ஏகாதிபத்தியத்தின் படை அதிகாரி எழுதிய நூலை நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மவர் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அந்த இடக்குறிப்புக்களே. வண்ணப் படங்களைச் செல்வர் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். ஒரு பறவை முன்பு இங்கே இருந்தது, இப்போது இல்லை என்று நிறுவுவதற்கு இடக்குறிப்பே வேண்டும்.

துவக்கின் இடத்துக்குக் கமெரா வந்த கதை இங்கிலாந்திலே தொடங்குகிறது. யோர்க்ஷயர்ப் பகுதியில் விவசாயக் குடும்பத்திற் பிறந்த றிச்சர்ட் கியேர்ட்டன், செரி கியேர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892-இல் ஒரு பறவைக் கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் படமெடுத்தனர். 1895-இல் அவர்கள் வெளியிட்ட நூல், இயற்கைச் சூழலில் எடுத்த நிழற்படங்களை மட்டுமே கொண்டு அமைந்த முதற் பறவை நூலாகும். அக்காலக் கமெராவுக்குத் தூரப் பார்வை இல்லை. பறவைக்கு அருகே சென்றாக வேண்டும். எனவே, மாட்டுத் தோலைப் போர்த்த பொய் மாடு ஒன்றைச் செய்து, அதன் வயிற்றினுள் ஒளிந்திருந்து அவர்கள் படமெடுத்தனர். மாடு மேயும் வயலில் மாட்டைக் கண்டு பறவை அஞ்சாது என்பது விவசாயியின் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அருகிருந்து எடுத்த அப்படங்களில் பறவையோடு வயலும் வேலியும் பாறையும் தாமாகவே வந்து விழுந்தன.

பின்னர் நீண்ட குழல்போன்ற தூரவில்லைகள் வந்தன. நூறு யார் தூரத்து உள்ளானை அவை முகத்தெதிரே கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் அவ்வில்லையின் இயல்பு யாதெனில், கூர்மையாகக் காட்டுவது ஒரு மெல்லிய தளத்தை மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை கரைந்து புகையாகிவிடும். அது கண்ணாடியின் பௌதிக விதி. அதில் தீங்கொன்றும் இல்லை. அந்தப் புகையையே அழகென்று விற்கத் தொடங்கியபோதுதான் தீங்கு பிறந்தது. உல்லாசப் பயண முகவருக்கு மீனவனின் கிழிந்த வலை வேண்டாம், உள்ளான் போதும். உழைக்கும் மனிதன் படத்தில் நின்றால் அவ்விடம் யாரோ ஒருவருடையது என்ற உண்மை தெரிந்துவிடும். பறவை மட்டும் நின்றால் அது எவருடையதும் அன்று. ஆகவே, விலை கொடுக்கக்கூடிய எவருடையதும் ஆகிவிடும்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வராமற் போகாது. நம் முன்னோர் பறவையை இப்படித் தனித்துப் பார்க்கவில்லை. தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுக்கும்போது, அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை ஆகியவற்றோடு பறவையையும் மக்களின் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பறவை ஒன்று, உழைப்பு மற்றொன்று என்று பிரித்து அடுக்கவில்லை. இரண்டும் ஒரு திணையின் உறுப்புக்கள். நெய்தற் பாடல்களிலே மணலிற் காயும் மீனைப் பறவை கவராதபடி காவல் இருக்கும் பெண்ணை நாம் பலமுறை சந்திக்கிறோம். அங்கே பறவையும் பெண்ணும் பகையாளிகள்கூட. ஆயினும் ஒரே காட்சியில் நிற்கிறார்கள். அவளை நீக்கிவிட்டு நாரையை மட்டும் பாட எந்தப் புலவனும் முனைந்ததாக நான் அறியேன். திணைக் கோட்பாட்டைத் தேர்வுக்காக மனனம் செய்விக்கும் நாங்கள், அது ஒரு கரையைப் பார்க்கும் முறை என்பதை மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா? நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பையன் சித்தப்பாவை வெட்டியிருக்கமாட்டான்.

இத்தொடர்பு ஏட்டளவில் நின்றதன்று என்பதற்குச் செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல் சான்று. அவ்வூர் ஏரியின் நடுவே நிற்கும் மரங்களில் நீர்ப்பறவைகள் கூடுகட்டும். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும். இதனை உணர்ந்த உழவர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பறவைகளைக் காத்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை உறுதிசெய்து 1798-இல் கவுல் பத்திரம் ஒன்றும் பெற்றனர். அரசாங்கம் அதனைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே உழவர் அதனைச் சரணாலயமாக்கிவிட்டனர். 2020-இல் அதன் பாதுகாப்பு எல்லையைச் சுருக்க முயற்சி நடந்தபோது எதிர்ப்புக் கிளம்பியதற்கு அந்த நீண்ட வரலாறு பின்பலமாய் இருந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912-1996) வேடந்தாங்கலைப் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளையிலே காட்டுயிர்ப் படம் எடுத்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேர எழுதியவர். பழைய கமெராப் பகுதிகளை ஒன்றாய்ப் பொருத்தித் தமக்கெனக் கருவி அமைத்துக்கொண்ட அவரை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும். விலையுயர்ந்த வில்லை இல்லையென்று சோர்பவர்களுக்கு அவர் நல்ல மருந்து.

மீண்டும் திருகோணமலைக்கு வருவோம். இத்துறைமுகத்தைச் சூழ்ந்த காடுகள் பல இன்றும் நிற்பதற்குக் காரணம் இயற்கையின்மீது கொண்ட பரிவு அன்று. கடற்படைக்குக் காவலும் மறைவும் குடிநீரும் தேவைப்பட்டன. ஆகவே காட்டை வெட்டவிடவில்லை. இங்குள்ள சரணாலயம் ஒன்றுக்குக் கடற்படை நீர்த்தலைவேலைச் சரணாலயம் என்று பெயர். பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. 1957-இல் ஆங்கிலேயக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போயிற்று. 1963-இல் அந்தச் சரணாலயமும், துறைமுகத்தினுள் இருக்கும் பெரிய சோபர், சிறிய சோபர் தீவுகளும், நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவும் காப்பிடங்களாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டன.

புறாத்தீவின் கதையைத் தனியே சொல்லவேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், பவளப் பாறைகள் சூழ நிற்கும் பாறைத் தீவு அது. நகரங்களிற் கூரைதோறும் இருக்கும் புறாக்களின் மூதாதையான காட்டு மாடப்புறா, இலங்கையில் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களுள் ஒன்றாகிய இப்பாறைகளின் இடுக்குகளில் முட்டையிடுகிறது. ஊருக்குத் தெரிந்த எளிய பறவைதான். கோயிற் கோபுரத்திலும் சந்தைக் கூரையிலும் நாம் காண்பது மனிதர் வளர்த்துக் கலந்த இனம். கலப்பற்ற காட்டினம் இத்தகைய ஒதுக்கிடங்களிலேயே பிழைத்திருக்கிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இத்தீவைச் சுடும் பயிற்சிக்குக் குறியாக வைத்துக்கொண்டார்கள். உலகத்தின் வேறெங்கும் கிடைக்காத குறி போலும்!

2003-இல் புறாத்தீவு தேசியப் பூங்காவாயிற்று. போர் முடிந்த 2009-க்குப் பின்னர் உல்லாசப் பயணிகள் திரண்டனர். படகு படகாய் இறங்கினர். பவளத்தின்மேல் நடந்தனர், புறா அடைகாக்கும் பாறையடியில் நின்று படமெடுத்தனர். குண்டுக்குத் தப்பிய புறா படம் எடுப்போரின் கால்களுக்குத் தப்பவேண்டியதாயிற்று. தலைமுறைகளாய் அந்நீரிலே தொழில் செய்த கரையோர மீனவருக்கு இப்போது அது தடைசெய்யப்பட்ட எல்லை. நுழைவுச் சீட்டு வாங்கியவருக்குத் திறந்த எல்லை. பவளத்தைக் காக்கத் தடை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அத்தடையின் பாரம் யார் தோளில் ஏறுகிறது என்பதே கேள்வி.

இதே கேள்வி 2004 டிசம்பர் 26-ஆம் நாளின் பின்னும் எழுந்தது. கடற்கோள் கிழக்குக் கரையை அழித்துச் சென்றபின், கரையிலிருந்து குறித்த தூரத்துள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உல்லாச விடுதிகளுக்கோ விலக்குக் காட்டப்பட்டது. வள்ளத்தையும் வலையையும் கண்ணெதிரே வைத்துக் காத்தாக வேண்டிய மீனவன் 200 மீற்றருக்கு அப்பால். கடலைப் பார்த்து இளைப்பாற வந்தவன் கரையில். எதிர்ப்பின் பேரில் அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் மனிதரை அகற்றிய கரையே அழகிய கரை என்ற எண்ணம் தளரவில்லை. என் மாணவனின் படத்தைப் பார்த்தபோது அந்த விதியே என் நினைவுக்கு வந்தது. படத்தில் வெட்டப்பட்டதும் 200 மீற்றர்தான்.

போர்க்காலத்தைப் பற்றிச் சில சொற்கள். துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியிற் கமெராவுடன் நடமாடுவது அந்நாட்களில் வீண் வம்பை விலைக்கு வாங்குவதாகும். நீண்ட வில்லையைக் கண்டால் காவலரணில் இருப்பவனுக்கு உள்ளான் நினைவுக்கு வராது. மீன்பிடிக்கவே அனுமதிச்சீட்டும் நேரக் கட்டுப்பாடும் இருந்த காலத்தில் பறவைப் படம் எடுப்பது யாருக்குத் தோன்றும்? ஆகவே, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்கு இக்கரையின் பறவைகள் பற்றிய படச்சான்று நம்மவர் கையில் இல்லை. இந்த வெற்றிடத்தின் விலை பின்னரே தெரிந்தது.

சம்பூர் அதற்கு உதாரணம். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், துறைமுகத்துக்கு எதிரே இருப்பது சம்பூர். வயல், குளம், மேய்ச்சற்றரை, கடல் என நான்கினாலும் வாழ்ந்த ஊர். 2006 ஏப்ரலிற் குண்டு வீச்சுக்கு அஞ்சி மக்கள் ஓடினர். 2007-இல் அப்பகுதி வர்த்தமானி மூலம் அதியுயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தனர். அவர்களுடைய நிலத்திலே 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென 2012-இல் ஒதுக்கப்பட்டது. இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல் மின் நிறுவனமும் கூட்டாக 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கவும் திட்டமிட்டன. 2006-இலேயே உடன்பாடு தொடங்கி, 2013-இல் ஒப்பந்தங்கள் கைச்சாத்தாயின.

ஆளை ஓட்டிவிட்டு, ஆளில்லாத நிலம் என்று அதனைக் குறித்துக்கொள்வது எளிது. வீடு இடிந்து பற்றை மூடிய நிலத்தைப் பார்ப்பவர்களுள் ஒருவன் அதனை வெற்று நிலம் என்பான். இன்னொருவன் கன்னி இயற்கை என்பான். அடுப்புப் புகை எழுந்த இடம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இயற்கையை நேசிப்பவர்கள் இந்த இரண்டாவது மயக்கத்துக்கு ஆளாகாமல் இருக்கவேண்டும். போர் ஓட்டிய ஊரிலே பறவை வந்து கூடுகட்டினால், அது பறவைக்கு நல்லதென்று எழுதும் பேனா பிழையானது. அப்பறவை அங்கே முன்னரும் இருந்திருக்கும்; குளத்தைக் கட்டிக் காத்த மனிதரோடு இருந்திருக்கும்.

நிலக்கரி மின்நிலையம் என்றால் என்ன? நாளும் மலைபோற் கரி எரியும். சாம்பற் குவியல் உயரும். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சிச் சூடேறிய நீரை மீண்டும் கடலிலே விடுவர். குடாவின் மீனும் இறாலும் அச்சூட்டுக்கு விலகினால், அவற்றை நம்பிய பறவையும் விலகும், வள்ளமும் விலகும். வலை வீசுபவனும் நாரையும் ஒரே மனுவிற் கையெழுத்திட வேண்டிய வேளை அது. ஊர் மக்கள் எதிர்த்தனர். சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றம் சென்றது. ஆட்சி மாறியதும் கொள்கையும் தளம்பியது. 2015-இலும் 2016-இலும் காணிகள் படிப்படியாய் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பினர். 2016 செப்டெம்பரில், அம்மின்நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று அரசாங்கம் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. பின்பு அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் இடப்பட்டது. கரியைவிட வெயில் மேலானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வெயிலை வாங்கும் பலகைக்கும் நிலம் வேண்டும். அது யாருடைய மேய்ச்சற்றரை என்று கேட்கும் உரிமையை வெயிலின் தூய்மை பறித்துவிடாது.

முற்போக்காளர் பலர் தடுமாறும் இடம் இதுவே. நிலக்கரியை எதிர்ப்பது எளிது. காற்றாலையை எதிர்ப்பவன் பிற்போக்குவாதி போலத் தோன்றுவான். மன்னாரைப் பாருங்கள். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் வலசைப் பறவைகளுக்கு மன்னார்த் தீவு இறங்குதுறை. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010-இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைக் கூட்டங்களைப் படமெடுக்க நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் செல்கின்றனர். மன்னாரின் தென்கரையில் 30 காற்றாடிகளைக் கொண்ட அரச காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன்பின் இந்திய அதானிக் குழுமத்தின் பெருந்திட்டம் வந்தது. மன்னாரில் மட்டும் 250 மெகாவாற்று. 2024-இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களோடு மன்னார் ஆயரும் வழக்காளராய் நின்றார். 2025 பெப்ரவரியில் அக்குழுமம் திட்டத்திலிருந்து விலகியது. மின் விலை பற்றி அரசாங்கத்தோடு எழுந்த பிணக்கே அவ்விலகலுக்குப் பெருங் காரணம். பூநாரையின்மேற் கொண்ட இரக்கம் என்று எவரும் மயங்கவேண்டாம்.

இங்கே நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். தலைநகரத்துப் பத்திரிகைகளில் மன்னார்ப் பிரச்சினை பூநாரைப் பிரச்சினையாகவே தோன்றியது. இளஞ்சிவப்புச் சிறகுகள் பக்கம் பக்கமாய் வந்தன. மன்னார் மக்கள் பேசியதோ வேறு: மழைநீர் வடிந்தோடும் வழி அடைபட்டு வீடுகளில் வெள்ளம் நிற்பது, கரையோரத் தொழில் கெடுவது, கனிய மணலுக்காக நிலம் தோண்டப்படுவது. 2025 ஆகஸ்டில் அவர்கள் தெருவில் இறங்கியதும் இவற்றுக்காகவே. பூநாரைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லையா? நீர் வடியும் வழி அடைபட்டால் களப்பின் உப்பும் நீர்மட்டமும் மாறும். அவை மாறினால் பூநாரையின் இரையும் மாறும். இரு முறைப்பாடுகளும் ஒரே நீரைப் பற்றியவை. ஆனால் அழகிய படங்களிலே அந்த நீர் புகையாய்க் கரைந்திருந்தது. எனவே, படம் பார்த்தவனுக்கு மன்னார் மனிதன் சொன்னது விளங்கவில்லை. பறவையைக் காட்டி மனிதனின் வழக்கை மறைப்பதும், மனிதனின் மின்தேவையைக் காட்டிப் பறவையின் வழக்கைத் தள்ளுவதும் அதிகாரத்தில் இருப்போருக்கு வசதியாயிற்று.

பறவைப் படம் எடுக்கும் இளைஞரிடம் கமெராவைக் கீழே வை என்று நான் சொல்லவில்லை. 1980-ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988-இல் திருத்தப்பட்டபின், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடற் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துக் கூற 30 நாள் உண்டு. முப்பது நாளில் ஒரு களப்பின் வாழ்வை நிறுவ முடியாது. உள்ளான் கோடையில் வரும், ஆலா வேறொரு பருவத்தில் முட்டையிடும், பூநாரை மாரிக்குப் பின்னர் இறங்கும். வந்து போகும் நிபுணன் ஒரு வாரம் நின்று கண்டதை எழுதிச் செல்வான். பன்னிரண்டு மாதமும் அங்கேயே இருப்பவன் ஊர்ப்பிள்ளை; அவன் கையிலுள்ள படங்கள், நாளும் இடமும் எழுதப்பட்டிருந்தால், அந்த முப்பது நாளில் மேசைமேல் வைக்கக்கூடிய சான்றாகும். நீலப் புகையின் முன் நிற்கும் உள்ளானை எந்த அதிகாரியும் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவான்: இது இங்கே எடுத்ததென்று என்ன நிச்சயம்? பின்னால் சாம்பல்தீவுப் பாலம் தெரிந்தால் அவன் அப்படிக் கேட்க முடியாது. பாலத்தடியில் வலையோடு ஒருவர் நின்றால், இந்நீரிலே தொழில் நடக்கிறது என்ற இரண்டாவது சான்றும் செலவின்றிக் கிடைக்கும்.

இன்னொன்றும் மாணவருக்குச் சொல்லவேண்டும். வெறும் மணலில் முட்டையிடும் ஆலாவின் கூட்டை நெருங்கிப் படமெடுக்க முயலக்கூடாது. தாய்ப்பறவை அடைகாப்பது சூடேற்றுவதற்கு மட்டுமன்று. நண்பகலில் தன் உடல் நிழலால் முட்டையைக் குளிர்விப்பதற்கும் ஆகும். நாம் நிற்கும் சில நிமிடங்களில் அது எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் வெந்துபோகும், அல்லது நம் கால்தடம் பார்த்துக் காகம் வந்துவிடும். பொய் மாட்டின் வயிற்றுக்குள் வியர்த்துக் கிடந்த அந்தச் சகோதரர்களின் பொறுமை நமக்கும் வேண்டும். இதைச் சொன்னபோது வகுப்பிலே ஒருத்தி, “அப்ப கரைவலை இழுக்கிற ஆக்கள் மிதிக்கமாட்டினமோ, சேர்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. மிதிக்கலாம். கூடு இருக்கும் இடத்தைக் கரைவலைக்காரரிடமே கேட்டறிந்து, ஒரு தடியை நட்டு அடையாளம் வைக்கலாமே என்று இன்னொருவன் சொன்னான். அதைச் செய்து பார்ப்பதென்று முடிவாயிற்று.

சென்ற வாரம் அந்த மாணவன் வேறொரு படம் கொண்டுவந்தான். உள்ளான் சற்றுச் சிறிதாய், ஓரமாய் நிற்கிறது. நடுவிலே களப்பு. பின்னால் பாலம், பாலத்துக்கு அப்பால் புதிதாய் எழும் ஒரு கட்டடத்தின் தூண்கள். சித்தப்பா வலையைத் தோளில் மடித்தபடி கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார். போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைக்காது. பின்புறத்தில் நாளும் நேரமும் “சல்லி” என்ற பெயரும் எழுதியிருந்தான். அத்தூண்கள் யாருடையவை என்று கேட்டேன். விசாரித்து வந்து சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறான்.